பாட்டன் பூட்டனைத் தேடக் கற்றுத்தருவது யார்?

தன் முன்னோரைத் தேடத் தொடங்கும் ஒருவர் அந்த வித்தையை எங்கே கற்க வேண்டும்? நூல்களைப் படித்துத் தானே கற்கலாமா, பழைய பதிவேடுகளில் தேர்ந்த ஒருவரிடம் பழக வேண்டுமா, உள்ளூர்ச் சங்கத்தின் பயிலரங்கில் உட்கார வேண்டுமா, ஆயிரக்கணக்கானோர் கூடும் மாநாட்டுக்குப் பணம் கட்டிப் போக வேண்டுமா, பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமா? 1845இல் பாஸ்டன் நகரில் நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கம் தொடங்கியதிலிருந்து எண்ணினால், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய 180 ஆண்டுகளாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு விடையும் அதற்கு முந்தைய விடையின் தோல்வியிலிருந்தே பிறந்திருக்கிறது. அந்தத் தோல்விகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. பல இடங்களில் ஆவணத்துக்குப் பஞ்சம் இருக்கவில்லை. ஒருவர் எட்டிய முடிவை இன்னொருவர் குடைந்து கேட்கும் வழக்கம்தான் இல்லாமல் போயிருந்தது. எனவே ஒரு பயிலரங்கை எடைபோட, அது எத்தனை பதிவேடுகளை அறிமுகப்படுத்தியது என்று எண்ணுவதைவிட, கலந்துகொண்டவரின் சொந்த முடிவை மேசைமேல் போட்டுப் பிரித்துப் பார்த்ததா என்று கேட்பதே பொருத்தமான அளவுகோல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தனியே கற்றவர்களின் காலம்

முதல் விடை, கற்பிக்கத் தேவையே இல்லை என்பது. 19ஆம் நூற்றாண்டின் வம்சாவளி எழுத்தாளர்களில் பலர் வழக்கறிஞர்களாகவும் பாதிரியார்களாகவும் ஓய்வுபெற்ற வணிகர்களாகவும் இருந்தார்கள். கையெழுத்தைப் படிக்கத் தெரியும், லத்தீன் கொஞ்சம் தெரியும், நேரம் இருந்தது. அது போதும் என்று கருதப்பட்டது. இவர்களில் சிலரின் உழைப்பு இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் படைப்பைச் சோதிப்பார் இல்லாத இடத்தில் பொய்யும் அதே மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு உலவியது. ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய குஸ்தாவ் அஞ்சூ, செல்வர்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு அவர்களை ஐரோப்பியப் பிரபு குலங்களோடு இணைத்து வம்சாவளிகள் எழுதித் தந்தார். உண்மையான ஆவணங்கள் பலவற்றை வரிசையாக அடுக்கி, நடுவே இணைப்புக்கு வேண்டிய இடத்தில் மட்டும் கற்பனையான ஒரு பதிவைச் செருகுவது அவருடைய முறை. 1942இல் அவர் இறந்தபிறகும் அந்த நூல்கள் நூலக அடுக்குகளில் இருந்தன. இன்றைய இணையக் குடும்ப மரங்களுக்குள்ளும் அவை புகுந்துவிட்டன. இங்கிலாந்தில் ஜே. ஹொரேஸ் ரவுண்ட் பிரபுக்களின் பட்டியல்களில் மண்டிக்கிடந்த கட்டுக்கதைகளை ஈவிரக்கமின்றிக் கிழித்தார். ரவுண்டின் எழுத்து படிக்கச் சுவையானது. எனினும் கிழிப்பது எப்படி என்று அவர் யாருக்கும் பாடம் நடத்தவில்லை.

சான்றை முன்வைத்தவர்கள்

இரண்டாவது விடை 1922இல் கனெக்டிகட் மாநிலத்திலிருந்து வந்தது. டொனால்ட் லைன்ஸ் ஜேக்கபஸ் அந்த ஆண்டு தொடங்கிய இதழ் பின்னர் 'தி அமெரிக்கன் ஜீனியாலஜிஸ்ட்' என்று பெயர் பெற்றது. ஒவ்வொரு உறவுக்கும் அது எங்கிருந்து தெரிகிறது என்று சொல்ல வேண்டும், முரண்படும் சான்றை மறைக்காமல் விவாதிக்க வேண்டும், குடும்பத்தில் வழங்கும் பெருமைக் கதை அதனாலேயே சான்றாகிவிடாது என்பவை அவர் வற்புறுத்தியவை. அவரைச் சுற்றி உருவான வட்டம் நல்ல கட்டுரைகளைப் படித்தே கற்றது. நடந்து முடிந்த ஒரு வாதத்தை வரிவரியாகப் பின்தொடர்வது உண்மையிலேயே ஒரு பயிற்சிதான். அதன் எல்லையும் தெளிவு: அச்சில் வருவது வெற்றி பெற்ற வாதம். ஆய்வாளர் எத்தனை தவறான தடத்தில் போய்த் திரும்பினார் என்பது கட்டுரையில் தெரியாது. அதோடு, தன் சொந்தக் குடும்பத்தின் மேல் உள்ள பற்று தன் கண்ணை எப்படி மறைக்கிறது என்பதை எந்த இதழும் வாசகருக்குச் சுட்டிக்காட்ட முடியாது.

அந்த இடைவெளியை நிரப்பவே பல நாள் நீளும் பயிலரங்குகள் தோன்றின. 1950இல் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தை மையமாக வைத்து ஒன்று தொடங்கியது. 1960களில் அலபாமா மாநிலத்தின் சாம்ஃபோர்ட் பல்கலைக்கழகம் இன்னொன்றை ஏற்படுத்தியது. 1990களில் சால்ட் லேக் நகரில் மேலும் ஒன்று வந்தது. காலை முதல் மாலை வரை ஒரே பாடம், ஒரே சிறு குழு, கையில் ஆவண நகல், இரவில் வீட்டுப்பாடம் என்பது இவற்றின் பொது அமைப்பு. 1964இல் உருவான சான்றிதழ் வாரியம், தொழில்முறை ஆய்வாளரின் படைப்பைச் சக ஆய்வாளர்கள் மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தது. சிவில் வழக்குகளில் புழங்கும் 'சான்றின் மேலோங்கிய கனம்' என்ற கருத்தைத்தான் இத்துறை வெகுகாலம் இரவல் வாங்கி வைத்திருந்தது. நூற்றுக்கு ஐம்பத்தொரு பங்கு சாய்ந்தால் போதும் என்று பலர் அதைப் புரிந்துகொண்டதால், 1990களின் பிற்பகுதியில் வாரியம் அதைக் கைவிட்டுத் தனி நெறியை வகுத்தது. நியாயமான அளவுக்கு முழுமையான தேடல், ஒவ்வொரு தகவலுக்கும் மூலக்குறிப்பு, சான்றுகளை ஒப்பிட்டு ஆராய்தல், முரண்களைத் தீர்த்தல், முடிவை எழுத்தில் நிறுவுதல் என்று அது ஐந்து கூறுகளைக் கேட்கிறது. இன்று இத்துறையின் நல்ல பயிலரங்குகள் பெரும்பாலும் இந்த ஐந்தையே சுற்றிவருகின்றன.

'ரூட்ஸ்' அலையும் அதன் பாடமும்

1976இல் அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' நூல் வந்தது. 1977 ஜனவரியில் அதன் தொலைக்காட்சித் தொடர் அமெரிக்காவையே வீட்டுக்குள் உட்காரவைத்தது. முன்னோரைத் தேடுவது மேட்டுக்குடியின் பொழுதுபோக்கு என்ற நிலை அத்தோடு உடைந்தது. அதே 1977இல் ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கான வரலாற்று வம்சாவளிச் சங்கம் வாஷிங்டனில் தோன்றியது. நியூயார்க்கில் முதல் யூத வம்சாவளிச் சங்கமும் அந்த ஆண்டில்தான் பிறந்தது. பயிலரங்கு என்ற வடிவம் தன் முழுப் பயனைக் காட்டியது இந்தச் சங்கங்களில்தான் என்று சொல்லலாம். காரணம், இவர்களுடைய சிக்கலுக்குப் பொதுக் கையேட்டில் விடை இல்லை.

விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அனைவரும் பெயரோடு பதிவான முதல் அமெரிக்கக் கணக்கெடுப்பு 1870ஆம் ஆண்டினுடையது. அதற்கு முந்தைய 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அவருக்குக் கீழே அடிமைகளின் வயது, பால், நிறம் மட்டும் வரிசையாக இருக்கும். பெயர் மிக அரிது. இந்தச் சுவரைத் தாண்டப் பயிலரங்குகள் ஒரு வழியைக் கற்றுத்தருகின்றன. 1870இல் குடும்பத்தைக் கண்டதும், அதே பக்கத்திலும் அடுத்தடுத்த பக்கங்களிலும் அண்டை வீட்டாரைப் பார்க்க வேண்டும். அருகில் வாழும் பழைய நிலக்கிழார்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். விடுதலை பெற்றோர் நலத்துறை 1865 முதல் 1872 வரை எழுதிவைத்த கூலி ஒப்பந்தங்களில் அந்தப் பெயர்களைத் தேட வேண்டும். பிறகு நிலக்கிழாரின் உயிலும் சொத்துப் பட்டியலும் மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மாடு, கலப்பை, கட்டில் ஆகியவற்றுக்கு நடுவே, டாலர் மதிப்போடு, ஒரு தாயின் பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் அங்கே கிடைக்கலாம். இப்படியொரு தேடலில் எந்தக் கண்ணியும் தனியாக நிற்காது. வயதுக் கணக்கு ஒத்துப்போவது தற்செயலாக இருக்கலாம்; ஒரே பெயர் பக்கத்துப் பண்ணையிலும் இருக்கலாம். எதிரே உட்கார்ந்திருப்பவர் அதைக் கேட்காவிட்டால், தேடுபவர் தனக்கு வேண்டிய முதல் பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்.

ஹேலிக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய அதுதான். தன் மூதாதை குண்டா கிண்டே 1767இல் அனாபொலிஸ் துறைமுகத்தில் வந்திறங்கிய கப்பலில் கொண்டுவரப்பட்டார் என்றும், வாலர் குடும்பத்தின் பண்ணையில் டோபி என்ற பெயரோடு வாழ்ந்தார் என்றும் அவர் முடிவுகட்டியிருந்தார். கேரி மில்ஸ், எலிசபெத் ஷோன் மில்ஸ் இருவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வு, கப்பல் வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே, 1762இலேயே, டோபி என்ற பெயர் வாலர் குடும்ப ஆவணங்களில் இருப்பதைக் காட்டியது. ஹேலி ஆவணக் காப்பகங்களுக்குப் போகாதவர் அல்லர். பல ஆண்டுகள் அலைந்தவர். அவருடைய கண்ணிகளை வெளியாகும் முன்பே விடாமல் கேட்ட அவை ஒன்று இருந்திருந்தால் நூல் வேறு விதமாக வந்திருக்கும் என்று கருத இடமுண்டு. இந்தத் தவறால் நூலின் சமூக விளைவு குறைந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கானோரைப் பயிலரங்குகளுக்கு அழைத்துவந்தது அந்த நூல்தான்.

மாநாடு: பாடசாலையா, சந்தையா?

பெரும் மாநாடு இன்னொரு வகை விடை. 1894இல் தொடங்கிய யூட்டா வம்சாவளிச் சங்கம் 1938 முதல் உலகெங்கும் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் எடுத்தது. 1969லும் 1980லும் சால்ட் லேக் நகரில் ஆவணங்களுக்கான உலக மாநாடுகள் நடந்தன. 2011இல் தொடங்கிய ரூட்ஸ்டெக் மாநாடு, கொரோனாக் காலமான 2021இல் இணையத்தில் கட்டணமின்றி நடந்தபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஈர்த்தது. யூட்டா சங்கம் எடுத்த 24 லட்சம் சுருள் மைக்ரோஃபிலிமின் இலக்கமாக்கமும் அதே ஆண்டில் நிறைவுற்றது. பிரிட்டனில், பி.பி.சி. 2004இல் ஒளிபரப்பத் தொடங்கிய முன்னோர் தேடல் தொடரின் பெயரிலேயே 2007 முதல் பத்தாண்டுக் காலம் பெரிய கண்காட்சி நடந்துவந்தது.

மாநாட்டை ஆதரிப்போர் சொல்வதில் நியாயம் உண்டு. காப்பக அலுவலரும் ஆய்வாளரும் நேரில் சந்திக்கிறார்கள். எந்த மாவட்டத்தில் எந்தப் பதிவேடு எரிந்துபோயிற்று, எது அண்மையில் திறக்கப்பட்டது என்ற செய்தி பரவுகிறது. சிற்றூரில் தனியாகத் தேடிக்கொண்டிருந்தவருக்குத் துணை கிடைக்கிறது. ஆனால் மாநாட்டின் அடிப்படை அலகு ஒரு மணி நேர உரை. பேச்சாளர் தான் முடித்துவைத்த தேடலை விளக்குகிறார், கேட்பவர் குறிப்பெடுக்கிறார், கடைசி ஐந்து நிமிடம் கேள்வி. இது ஜேக்கபஸின் இதழை வாய்மொழியாக்கியது போன்றதே. இதழில் அடிக்குறிப்பாவது இருந்தது. அரங்குக்கு வெளியே சந்தா நிறுவனங்களும் டி.என்.ஏ. சோதனை நிறுவனங்களும் கடை விரித்திருக்கின்றன. அவர்கள் காசு இல்லாமல் மாநாடு நடக்காது என்பதும் உண்மை. அதன் பக்கவிளைவாக, தரவுத்தளத்தில் பெயரைத் தட்டித் தேடுவதே ஆய்வு என்ற எண்ணம் புதியவர் மனத்தில் படிகிறது. மென்பொருள் நீட்டும் குறிப்பை ஏற்று ஒருவர் மரத்திலிருந்து இன்னொருவர் மரத்துக்குக் கிளையை ஒட்டுவது அதன் அடுத்த படி. அஞ்சூ செருகிய பொய்ப் பதிவுகள் இன்றும் பரவுவது இந்த வழியாகத்தான். மாநாட்டை ஒதுக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. அது செய்தி சொல்லும் இடம். தீர்மானிக்கும் திறனை வளர்க்க அதை மட்டும் நம்பக்கூடாது.

பல்கலைக்கழகம் என்ற விடையைச் சுருக்கமாகவே பார்க்கலாம். கிளாஸ்கோவில் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகம் முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. யூட்டாவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் பட்டமே தருகிறது. பயிற்சி தரமானது, இடம் குறைவு, செலவு அதிகம். தன் பாட்டியின் பிறந்த ஊரைத் தேடும் அறுபது வயதுக்காரருக்கு அது விடை ஆகாது.

மூன்று மறுப்புகள்

இத்தனை கெடுபிடி எதற்கு, மக்கள் விரும்புவது கதைகளைத்தானே என்பது முதல் மறுப்பு. கதை கேட்பதில் தவறில்லை. ஆனால் எழுதி வெளியிட்ட குடும்ப மரம் தனிச்சொத்தாக இருப்பதில்லை. உறவினர், மருத்துவர், சில இடங்களில் நீதிமன்றம் வரை அதைப் பயன்படுத்தக்கூடும். 2018இல் கலிஃபோர்னியாவில் ஒரு பழைய தொடர் கொலை வழக்கில் குற்றவாளி சிக்கியது, பொதுத் தளத்திலிருந்த டி.என்.ஏ. தரவையும் குடும்ப மரங்களையும் சேர்த்துப் பார்த்ததால்தான். பிழையான மரம் இன்னொரு வழக்கில் யாரை நோக்கிக் கை நீட்டும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. ஆவணத்தை மட்டுமே நம்பும் நெறி, ஆவணத்தில் இடம்பெறாதவர்களுக்கு, அதாவது அடிமைகளுக்கும் நிலமற்றோருக்கும் பெண்களுக்கும், அநீதி இழைக்கிறது என்கிறார்கள். வாய்மொழி மரபை ஒதுக்கிவிட்டு எழுத்தை மட்டும் சான்றாகக் கொள்வது இந்தக் குற்றச்சாட்டுக்கு உரியதே. ஆனால் கேள்வி கேட்கும் வழக்கம் எழுத்துக்கும் வாய்மொழிக்கும் பொதுவானது. சொத்துப் பட்டியலை எழுதிய குமாஸ்தாவுக்கும் ஒரு நோக்கம் இருந்தது. அதையும் குடைந்து கேட்க வேண்டும். ஒரே கதையைத் தனித்தனியாகப் பிரிந்துபோன இரண்டு கிளைகள் சொன்னால் அதற்கு எடை கூடுகிறது என்பது 'ரூட்ஸ்' காலத்தில் பிறந்த சங்கங்களின் பயிலரங்குகளில் பழகிப்போன பாடம்.

மூன்றாவது, வம்சாவளி என்பதே குலப்பெருமையின் கருவி என்ற மறுப்பு. இதற்கு வரலாற்றில் கொடிய சாட்சி இருக்கிறது. 1933 ஏப்ரலில் ஜெர்மனியில் வந்த சட்டத்துக்குப் பிறகு, அரசு வேலையில் இருக்கத் தாத்தா பாட்டியர் யார் என்று சான்று காட்ட வேண்டியிருந்தது. தேவாலயப் பதிவேடுகளைத் தேடித்தரும் வம்சாவளி ஆய்வாளர்களுக்கு அது தொழிலாகவே ஆயிற்று. முறையான ஆய்வும் தீய நோக்கத்துக்குப் பயன்படும் என்பதை மறுக்க முடியாது. நுணுக்கமான சான்று மட்டும் நல்லொழுக்கத்தைக் கொண்டுவராது. பயிலரங்குகளில் அறநெறி தனிப் பாடமாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு இதுவே வலுவான காரணம். இறந்தோருக்கு ஞானஸ்நானம் அளிக்கும் மோர்மன் கிறித்தவப் பிரிவின் வழக்கத்தில் யூத இனப்படுகொலைக்குப் பலியானோரின் பெயர்கள் சேர்க்கப்பட்டதால் எழுந்த பூசலும், 1995இல் ஏற்பட்ட உடன்பாடும், முன்னோர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இன்னும் தீரவில்லை என்பதற்கு அடையாளங்கள்.

தமிழ் வழித்தோன்றல்களின் சிக்கல்

இந்த விவாதத்தில் தமிழருக்கும் நேரடிப் பங்கு உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1,52,184 ஒப்பந்தக் கூலிகள் சென்றார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும். மொரீஷியஸுக்கு 1834 முதல் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை சுமார் நாலரை லட்சம் இந்தியர் போனார்கள். இவர்களைப் பற்றிய கப்பல் பதிவுகள் மொரீஷியஸின் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலும் தென்னாப்பிரிக்கக் காப்பகங்களிலும் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். அமெரிக்க அடிமைப் பட்டியலோடு ஒப்பிட்டால் இது பெரும் செல்வம்.

ஆனால் மேற்கத்தியப் பயிலரங்கின் பாடத்திட்டம் குடும்பப் பெயர் தலைமுறைகளுக்கு மாறாது என்ற அனுமானத்தில் நிற்கிறது. தமிழருக்கு அது பொருந்தாது. டர்பனில் இன்று குடும்பப் பெயராக இருப்பது பல வேளைகளில் கப்பலேறியவரின் சொந்தப் பெயர் அல்லது அவர் தகப்பன் பெயர். முனுசாமி 'மூன்சாமி' ஆனதும் வெங்கடசாமி பல எழுத்துகளில் சிதறியதும் குமாஸ்தாவின் காதுக்கு எட்டியபடி நடந்தவை. வடஆற்காடு ஜில்லாவில் 'நல்லூர்' என்று பதிவிருந்தால் எந்த நல்லூர் என்பதை முடிவுசெய்யத் தாலுகா வேண்டும். அதுவும் தவறாக எழுதப்பட்டிருக்கலாம். ஊரைக் கண்டுவிட்டாலும் இங்கே கணக்கெடுப்புத் தாளைத் தேட முடியாது. அமெரிக்காவில் 72 ஆண்டுகள் கழிந்ததும் கணக்கெடுப்புத் தாள்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் தனிநபர் பதிவுகளைப் பார்வையிட இடமளிக்கவில்லை. முதல் பாடமே கணக்கெடுப்பிலிருந்து தொடங்கும் பயிலரங்கில் உட்கார்ந்த டர்பன் தமிழர், கடலின் இந்தப் பக்கத்துக்கு வந்ததும் கையைப் பிசைய வேண்டியதுதான்.

இங்கே வேறு வாசல்கள் இருக்கின்றன. சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடக்கும் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்தால், எழுதிக்கொடுப்பவர் யாருடைய குமாரர், எந்த ஊர், எந்தச் சாதி, அந்த நிலம் பிதுரார்ஜிதமாக வந்ததா, பாகப்பிரிவினையில் கிடைத்ததா என்பதெல்லாம் ஒன்றிரண்டு பத்திகளில் வந்துவிடும். பிதுரார்ஜிதம் என்றிருந்தால் தாத்தாவின் பெயரும் பல வேளைகளில் சேர்ந்தே கிடைக்கும். கிறித்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள். நகரத்தாருக்கு ஒன்பது நகரக் கோயில்களின் புள்ளிக் கணக்கு. நிலமோ கோயில் கணக்கோ இல்லாதவர்களுக்கு, வாய்மொழியைத் தவிர, கப்பல் பதிவே சில சமயம் ஒரே எழுத்துச் சான்றாக நிற்கிறது என்பது கசப்பான முரண்.

டி.என்.ஏ. பாடத்திலும் இதே சிக்கல். இரண்டு பேர் பகிரும் மரபணு அளவைக் கொண்டு உறவின் நெருக்கத்தைக் கணிக்கும் அட்டவணைகள், பெற்றோர் இருவரும் உறவினர் அல்லர் என்று வைத்துக்கொண்டு போடப்பட்டவை. மாமன் மகளை மணந்தவரின் பிள்ளைக்கு எட்டுப் பூட்டன் பூட்டியர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேரே இருப்பார்கள். ஓர் இணை தாய்வழியிலும் தந்தைவழியிலும் வந்துவிடும். தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்த குடும்பத்தில், தூரத்து உறவினர் நெருங்கிய பங்காளியைப்போல் அட்டவணையில் தோன்றுவார். கிழக்கு ஐரோப்பிய யூதருக்கு இதே தொல்லை இருந்ததால் அவர்களுடைய மாநாடுகள் இதற்குத் தனி அமர்வுகள் வைத்தன. தமிழருக்கும் அப்படியான பாடம் தேவை.

தீராத கேள்விகள்

சிறு குழுப் பயிலரங்கில் கற்றவர், தனியே கற்றவரைவிடக் குறைவாகப் பிழை செய்கிறாரா? தர்க்கம் ஆம் என்கிறது. இத்துறையின் வரலாறும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஆனால் இரு வகையினரின் படைப்புகளையும் முறையாக ஒப்பிட்டு அளந்த பிறகே அதை உறுதியாகச் சொல்லலாம். இணையவழிச் சிறு குழுக்கள் நேரடி அமர்வுக்கு ஈடாகுமா என்பதும் அப்படித்தான். மாதம் ஒருமுறை கூடி ஒருவர் வேலையை மற்றவர் திருத்தும் குழுக்கள் நம்பிக்கை தருகின்றன, வெறும் காணொளி உரைகள் தரவில்லை. சான்றிதழ் பெற்றவரின் முறை, வேறு பெயர் மரபும் வேறு ஆவணங்களும் உள்ள சமூகத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பதும் விவாதத்துக்கு உரியது. ஐந்து கூறுகளில் 'நியாயமான அளவுக்கு முழுமையான தேடல்' என்பதற்கு வேலூரில் ஓர் அளவும் வர்ஜீனியாவில் ஓர் அளவும் இருக்கத்தான் செய்யும். உயிரோடு இருப்பவர்களின் அந்தரங்கமும், மறைத்துவைத்த சாதிக் கலப்பும் தேடலில் வெளிப்படும்போது யார் சம்மதத்தைக் கேட்பது என்பதற்கும் ஒத்த கருத்து இல்லை.

தமிழில் குடும்ப வரலாற்றுப் பயிலரங்கு நடத்த நினைக்கும் நூலகங்களும் கல்லூரி வரலாற்றுத் துறைகளும் புலம்பெயர் சங்கங்களும் பேச்சாளர் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இருபது பேருக்கு மேல் சேர்க்காமல், ஆளுக்கு ஒரு பத்திர நகலையோ கப்பல் பதிவையோ கையில் கொடுத்து, அதிலிருந்து எட்டும் முடிவை எழுதவைத்து, பக்கத்தில் இருப்பவரை அதை மறுக்கச் சொல்ல வேண்டும்.